மேல் நான்கு வரிசை

ஆகஸ்ட் 12, திங்கள்

மூன்றாம் எண் ரிக் இன்று முதல் என் பொறுப்பு. மேலாளர் ரகோத்தமன் சார் சாவியைக் கையில் கொடுத்து, "உடைஞ்சா சொல்லுங்க. உடையலைன்னாலும் சொல்லுங்க, நீங்க எதையுமே சொல்றதில்ல" என்றார். நகைச்சுவை என்று எனக்குப் புரிவதற்குள் போய்விட்டார்.

ரிக் என்பது சோதனை மேடை, கார் இல்லாமல் காரின் ஒரு துண்டு. டர்போ வைத்த எஞ்சினில் அழுத்தப்பட்ட காற்று சூடாகிவிடும். சூடான காற்று எஞ்சினுக்கு ஆகாது. நடுவில் இன்டர்கூலர் அதைக் குளிர வைத்து அனுப்புகிறது. நாங்கள் சோதிக்கும் வகையில், தகட்டுக்கு ஒரு பக்கம் காற்று ஓடும், மறுபக்கம் கூலன்ட் என்ற பச்சைத் திரவம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தொடாமலே சூடு கை மாற வேண்டும்.

எங்களிடம் எஞ்சின் கிடையாது. ஒரு புளோயரும் ஹீட்டரும் 140 டிகிரிக் காற்றை உள்ளே தள்ளும். வெளியே வரும்போது எத்தனை டிகிரி என்று பார்ப்பதுதான் வேலை. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

தூத்துக்குடியிலிருந்து இரண்டு கேன் சாம்பிள் வந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் கலந்த திரவம். கூலன்டில் கொஞ்சம் சேர்த்தால் அது சூட்டை வேகமாக வாங்கும் என்பது தயாரித்தவரின் வாதம். பெயர் தங்கபுஷ்பம். படிவத்தில் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கிறது. டெக்னீஷியன் மாரப்பன் கேனை ஆட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து வந்துருச்சுங்க" என்றார். அவருக்கு எல்லாமே மருந்துதான்.

கோயம்புத்தூருக்கு வந்து ஏழு வாரம். அறையில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல், முப்பது பக்கம் படித்திருக்கிறேன். அதில் எல்லாரும் நிறையப் பேசுகிறார்கள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. போக இடமில்லை என்று எழுதினால் பரிதாபமாக இருக்கும். வேலை இருந்தது, போனேன். வாட்ச்மேன் சட்டையில் கொடி குத்தியிருந்தார், எனக்கும் ஒன்று கொடுத்தார்.

மருந்து கலக்காத வெறும் கூலன்டை ஓட்டி முதல் அளவு எடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பேஸ்லைன். பின்னால் வரும் எல்லா எண்களும் இதோடுதான் ஒப்பிடப்படும். திரவத்தை நான்தான் நிரப்பினேன். உள்ளே மாட்டிய காற்றை வெளியே விட ஒரு திருகு இருக்குமே என்று தேடினேன், கிடைக்கவில்லை. மாரப்பனுக்குப் போன் செய்திருக்கலாம். விடுமுறை நாளில் ஒரு மனிதரை ஒரு திருகுக்காகக் கூப்பிடுவதா? ஹோஸைத் தட்டித் தட்டி அரை மணி நேரம் பம்பை ஓடவிட்டேன். தொட்டியில் குமிழி வருவது நின்றது.

காற்று வெளியேறும்போது 61.8 டிகிரி. மூன்று முறை ஓட்டினேன், மூன்று முறையும் அதே எண். சுத்தமான வேலை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மாரப்பன் பழைய கூலன்டை வடித்துவிட்டு மருந்து கலந்ததை நிரப்பினார். ரிக்கின் பின்னால் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். நான் லாப்டாப்பில் இருந்தேன்.

54.9 டிகிரி.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏழு டிகிரி குறைவு. வெப்பக் கணக்கில் 8.8 சதவீத முன்னேற்றம். ரகோத்தமன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அறுபது நாள் ஓட்டுங்க. துகள் அடியில படிஞ்சா எண் ஏறும். ஏறலைன்னா நெஜமாவே சரக்குதான்" என்றார். ஞாயிறு தவிர தினமும் காலையில் தொடங்கி, மாலை நான்கு மணிக்கு ஓர் அளவு.

செப்டம்பர் 3, செவ்வாய்

4.20க்கு ஒரு போன்.

"மேடம், நா தங்கபுஷ்பம் பேசுதேன், தூத்துக்குடி. ஒரே ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க, வச்சிருதேன்."

இறுதி அறிக்கைக்கு முன்னால் வாடிக்கையாளரிடம் எண் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. அதைத்தான் சொன்னேன்.

"சரி, நீங்க சொல்லாண்டாம். ஐம்பத்தஞ்சா? ஆமான்னா இருமுங்க."

எனக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 4

54.9. இருமினேன்.

செப்டம்பர் 11, புதன்

54.9. இப்போது இருமுவதில்லை, எண்ணையே சொல்லிவிடுகிறேன். விதியை மீறுவதென்று முடிவான பிறகு இருமலில் என்ன நேர்மை.

அவரைப் பற்றித் தெரிந்தது: பெயின்ட் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை. வண்ணப்பொடி டின்னின் அடியில் படியாமல் எண்ணெயில் மிதக்கச் செய்யும் பிரிவு. அந்தக் கைப்பழக்கத்தைத்தான் கூலன்டில் போட்டிருக்கிறார். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. கணவர் கப்பலில். "எட்டு மாசம் கடல்ல, ரெண்டு மாசம் வீட்டுல. அந்த ரெண்டு மாசமும் அவிய தூங்கிட்டே இருப்பாவ. அதுக்குக் கடலே தேவல."

என் ஊரைக் கேட்டார். மன்னார்குடி என்றேன். வீட்டில் யார் யார் என்றார். அம்மா, அண்ணன், அண்ணி என்றேன். கல்யாணம் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "அங்க மழ உண்டா?" என்றார்.

செப்டம்பர் 19

54.9.

இன்று மதியம் கேன்டீனில் என் மேசையில் யாரும் உட்காரவில்லை. நான் புத்தகம் விரித்து வைத்திருந்ததால் இருக்கலாம்.

செப்டம்பர் 26, வியாழன்

55.0. பத்தில் ஒரு பங்கு ஏறியதற்கே அவர் பதறிவிட்டார்.

"என்னட்டி சொல்லுத? படிஞ்சிட்டா?"

'மேடம்' எப்போது 'ட்டி' ஆனது என்று கவனிக்கவில்லை. அறையின் வெப்பம் இன்று ஒரு டிகிரி அதிகம், அதுதான் காரணம் என்று விளக்கினேன்.

"எனக்கு உயிரு போயி வந்துச்சு. நீ மொதல்லயே அதச் சொல்லாண்டாமா கயலு?"

என் பெயர் கயற்கண்ணி. கயலு என்று இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டில் கண்ணி. கல்லூரியில் முழுப் பெயர், வருகைப் பதிவில் மட்டும்.

அக்டோபர் 1

54.9. கோயம்புத்தூர் மீனைப் பற்றிப் பதினாறு நிமிடம் பேசினோம். "ஐஸ்ல மூணு நாளு கெடந்து பஸ் ஏறி வாரதுக்குப் பேரு மீனா? அது டூரிஸ்ட்டு."

அக்டோபர் 9, புதன்

54.9. அக்கா (அப்படித்தான் கூப்பிடச் சொன்னார்) எண்ணைக் கேட்குமுன்பே செய்தியைச் சொன்னார். சென்னையில் கார்களுக்குக் குளிரூட்டும் பாகங்கள் செய்யும் ஒரு பெரிய கம்பெனி அவரை நவம்பர் 14 அன்று வரச் சொல்லியிருக்கிறது. அரை மணி நேரம் தருவார்கள். நான் சொல்லிவைத்த எட்டு புள்ளி எட்டு சதவீதத்தை இவர் மெயிலில் அனுப்பியிருக்கிறார், அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே ஒத்துக்கொண்டால் அவர்களே சொந்தமாக ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்களாம்.

"பாக்கட்டும். நம்ம எண்ணு நம்ம எண்ணுதான?"

நம்ம எண்ணு.

அக்டோபர் 13, ஞாயிறு

மழை. அறையை விட்டுப் போகவில்லை. கல்லூரிக் காலத்து வெப்பவியல் பாடப்புத்தகத்தை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன், சும்மாதான். இன்டர்கூலரில் சூடு கடப்பதற்கு இருக்கும் தடையில் ஐந்தில் நான்கு பங்கு காற்றின் பக்கம். காற்று கஞ்சன், மெதுவாகத்தான் கொடுக்கும். கூலன்ட் பக்கத்தின் தடை ஐந்தில் ஒரு பங்குதான். கொஞ்சம் துகள் கலந்து கூலன்டை மேம்படுத்தினால் மொத்தத்தில் ஒன்றரை சதவீதம், மிஞ்சிப் போனால் இரண்டு.

நமக்கு வருவது 8.8.

புத்தகம் பழைய பதிப்பு.

அக்டோபர் 21, திங்கள்

54.9.

காலையில் முதலாம் எண் ரிக்கில் புதிய இன்டர்கூலர் மாட்டினார்கள். நான் டார்ச் பிடித்தேன். மாரப்பன் திரவத்தை நிரப்பிவிட்டு, இன்டர்கூலரின் பின்புறம், மேல் விளிம்புக்கு உள்ளே, ஒரு சிறிய பித்தளைத் திருகைத் தளர்த்தினார். புஸ்ஸென்று சத்தம் வந்தது. நெடுநேரம் வந்துகொண்டே இருந்தது.

"இது என்ன?"

"ஏர் லாக்குங்க. மனுசனுக்கு வாயு புடிக்கற மாதிரித்தான். தொட்டியில குமிழி நின்னுடும், எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சுக்குவோம். மேல நாலு வரிசைல தண்ணியே போயிருக்காதுங்க, சும்மா காஞ்சு கெடக்கும். இத எடுத்து உட்டாத்தான் முழுசா வேல செய்யும்."

"மூணாம் நம்பர்லயும் இந்தத் திருகு இருக்கா?"

"இல்லாமங்களா? மருந்து ஊத்துன அன்னைக்கு எடுத்து உட்டனே. யப்பா, அன்னைக்கு வந்துச்சு பாருங்க காத்து, எங்க மாமியா பேச ஆரம்பிச்ச மாதிரி. நிக்கவே இல்லீங்க."

மதியம் தலைவலி. 4.20க்கு அக்கா பேசினார். நல்ல நாள், துகள் அரைக்க வாங்கிய புது இயந்திரத்துக்கு ஒரு பெல்ட் மாட்டினாராம்.

அக்டோபர் 22

54.9. மழை.

அக்டோபர் 23, புதன்

தெளிவாக யோசிக்க வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று இன்டர்கூலரின் மேல் நான்கு வரிசை காய்ந்திருக்கலாம். அப்படியானால் 61.8 என்பது வெறும் கூலன்டின் எண் அல்ல, ஊனமான இன்டர்கூலரின் எண். பின்னால் வந்த முன்னேற்றத்தில் எவ்வளவு மருந்தினால், எவ்வளவு அந்தத் திருகினால் என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, மருந்தை வடித்து வெறும் கூலன்டைத் திரும்ப ஓட்டுவது. அறுபது நாள் ஓட்டம் நடக்கும்போது வடிக்க முடியாது. நவம்பர் 1 வரை காத்திருப்பதுதான் முறை.

இது வெறும் சந்தேகம்தான். உறுதியாகாத ஒன்றைச் சொல்லி ஒருவரின் தூக்கத்தைக் கெடுப்பது பொறுப்பாகாது.

54.9. இருபத்திரண்டு நிமிடம்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூப்பிடுவதில்லை. நாவலை முடித்துவிட்டேன். கடைசியில் அத்தனை பேச்சும் அடங்கி ஒரு பனிப்பாதை வருகிறது. பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். அம்மா போன் செய்தாள். தீபாவளிக்கு அண்ணியின் வீட்டார் வருகிறார்கள், "நீ வந்தா எங்க படுப்ப, ஹால்ல படுப்பியா?" என்றாள். சோதனை நடக்கிறது, வர முடியாது என்றேன். அவள் அவ்வளவு சீக்கிரம் "சரி" என்று சொல்லியிருக்க வேண்டாம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. தெரு முழுக்கக் காகிதக் குப்பை. அக்கா கூரியரில் மக்ரூன் அனுப்பியிருந்தார். நேற்றே வந்துவிட்டது, இன்றைக்கென்று பிரிக்காமல் வைத்திருந்தேன். பாதி நொறுங்கியிருந்தது. பொடியை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டேன்.

விடுமுறையிலும் போன் வந்தது. எண்ணே கேட்கவில்லை. "தின்னியாட்டி? உன் தெருவுல வெடிச் சத்தமா, யுத்தமா?" அவர் வீட்டிலும் யாருமில்லை. பக்கத்து வீட்டு ஆடு வெடிச் சத்தத்துக்குப் பயந்து அவர் அடுப்படிக்குள் வந்து நின்றுகொண்டதாம். போகச் சொல்ல மனமில்லையாம்.

அப்போது சொல்லியிருக்கலாம். பண்டிகை நாள்.

நவம்பர் 1, வெள்ளி

அறுபது நாள் முடிந்தது. 54.9. துகள் படியவில்லை.

ரகோத்தமன் சார் அறிக்கை எழுதச் சொன்னார். நாளை ரிக் காலியாகத்தான் இருக்கும்.

நவம்பர் 2, சனி

ரிக்கைத் துடைத்தேன். ஹோஸ்களுக்குப் புதுக் கிளிப் போட்டேன். வடிக்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

ஓட்டம் முடிந்துவிட்டதால் சொல்ல எண் இல்லை. ஆனாலும் 4.20க்குக் கூப்பிட்டார்.

சென்னைக்குத் தயாரித்த பக்கங்களை அச்சடித்துவிட்டாராம், முதல் பக்கத்தில் பெரிதாக 8.8 என்று. பிறகு கொஞ்சம் தயங்கினார். அவர் தயங்கி நான் கேட்டதில்லை.

"கயலு, ஒண்ணு கேக்கேன். நீயும் வாரியா? ஒங்க சார்ட்ட நான் கேக்கேன், சோதன பண்ணுன இஞ்சினியர்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறேன். அங்க எல்லாரும் இங்கிலீசுல கேப்பாவ. நா பதில் சொல்லிருவேன். ஆனா பக்கத்துல நீ இருந்தியன்னா ஒரு தெம்பு. மொகத்தயும் பாத்த மாதிரி இருக்கும்."

"வரேன்க்கா" என்றேன்.

அறைக்கு வந்து எந்தச் சேலை என்று பார்த்தேன். அம்மா கொடுத்த சாம்பல் நிறப் பட்டில் மடிப்புக் கறை. இஸ்திரிக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தக் கம்பெனி சொந்தமாகச் சோதிக்கும். அவர்களுடைய டெக்னீஷியன் முதல் நாளே திருகைத் தளர்த்திவிடுவார். அவர்களுக்கு 8.8 வராது. பொய் சொன்னவர் என்ற பெயர் தங்கபுஷ்பத்துக்கு வரும், எனக்கல்ல. அதற்கு முந்தைய அரை மணி நேரம் நான் அவர் பக்கத்தில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருப்பேன்.

நவம்பர் 5, செவ்வாய்

காலை ஏழரைக்கே போய் மாரப்பனுக்காகக் காத்திருந்தேன். அவர் வண்டியை நிறுத்துவதற்குள், "எனக்கு உங்க உதவி வேணும். பேஸ்லைனைத் திரும்ப ஓட்டணும். ஆகஸ்ட்ல நான் ஏர் எடுக்கல. திருகு எங்கன்னு எனக்குத் தெரியல" என்றேன். மனதில் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியம் என்பதால் மூச்சு விடாமல் வந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார். "ஏனுங்க, அன்னைக்கே ஒரு போனைப் போட்டிருக்கலாமுங்களே. நான் ஊட்லதான் படுத்துக் கெடந்தேன், சொதந்திரமா."

வடித்தோம். இரண்டு முறை அலசினோம். வெறும் கூலன்டை நிரப்பித் திருகை நானே தளர்த்தினேன். காற்று போய், பச்சைத் திரவம் விரலில் வழிகிற வரை பிடித்திருந்தேன்.

56.2.

மூன்று முறை, 56.2. திருகினால் வந்தது ஐந்தரை டிகிரிக்கு மேல். மருந்தினால் வந்தது ஒன்றே கால் டிகிரி. 8.8 சதவீதமல்ல, 1.6. பழைய பதிப்புப் புத்தகம் சொன்னது சரி.

4.20க்குப் போன் வந்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

இன்று எடுத்தேன். கட்டிடத்துக்குப் பின்னால், சரக்கு வைக்கும் பழைய மரப் பேலட்டுகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று பேசினேன். நேற்று ஏன் எடுக்கவில்லை, காய்ச்சலா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். விடுமுறை நாள், திருகு, காய்ந்த வரிசைகள், 56.2, 1.6.

"ஒண்ணு புள்ளி ஆறு" என்றார் கடைசியில்.

"ஆமாக்கா. அது நிஜம். அறுபது நாள் படியாம இருந்ததும் நிஜம். மத்தது என் தப்பு."

"தப்பு எல்லாருக்கும் வரும். பெயின்ட் கம்பெனில நா ஒரு டேங்க் மஞ்சளப் பச்சையாக்கிருக்கேன்." அவர் சிரிக்கப் போகிறார் என்று ஒரு கணம் நம்பினேன். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துதான் ஓட்டிப் பாத்தேன்."

"ஓட்டுனதக் கேக்கல. எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. அவர் காத்திருந்தார்.

"அக்டோபர் இருபத்தொண்ணு. ஆனா அது சந்தேகம்தான். உறுதியா தெரியாம..."

"சந்தேகத்தச் சொல்லிருக்கலாம்லா."

இருபத்தொன்றிலிருந்து அவர் முணுமுணுத்து எண்ணுவது கேட்டது.

"பதினாறு நாளு. தெனமும் பேசுனோம். நா பாட்டுக்கு ஆட்டுக் கதையும் மீனுக் கதையும் சொல்லிட்டுக் கெடந்தேன். நீ கேட்டுட்டே இருந்த. நேத்து முந்தின நாளு வாரேன்னு வேற சொன்ன." குரல் உயரவில்லை. "நா அந்தப் பக்கத்த அச்சடிக்க முன்னால ஒரு வாத்த சொல்லிருந்தா போதும். நம்பர் போனா போவுது, இன்னொரு நம்பர் வரும். ஒன்ட்ட நா நம்பர மட்டுமா கேட்டேன்?"

நான் ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் போன் வராது, அதனால்தான் சொல்லவில்லை. இவ்வளவுதான் காரணம். இதை நாட்குறிப்பில் எழுதுவதற்கே எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. போனில் நான் சொன்னது, "ஸாரிக்கா."

"சரி. அறிக்கைய அனுப்புங்க" என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 7

4.20. ஒன்றுமில்லை.

நவம்பர் 8, வெள்ளி

அறிக்கையை ரகோத்தமன் சாரிடம் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் நான் எழுதியது: 'ஆகஸ்ட் 15 அன்று எடுத்த முதல் அளவின்போது கூலன்ட் ஓடும் சுற்றிலிருந்து காற்று முழுமையாக வெளியேற்றப்படவில்லை. நிரப்பியவர், அளந்தவர்: கயற்கண்ணி. அந்த அளவு ரத்து செய்யப்படுகிறது.'

"இவ்வளவு வேணுமா? 'பேஸ்லைன் திருத்தப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டாப் போதுமே."

"அப்படிப் போட்டா, மருந்துலதான் கோளாறுன்னு படிக்கறவங்க நினைப்பாங்க சார்."

அந்த வரிகளை அப்படியே விட்டார். பிறகு, தினமும் வாடிக்கையாளரிடம் எண்ணைச் சொன்னேனா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார். அவர் குரலில் கோபமில்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "நீங்களா? யார்கிட்டயும் பேச மாட்டீங்களே."

நவம்பர் 10, ஞாயிறு

இஸ்திரிக்குப் போட்ட சேலையை வாங்கி வந்தேன். கறை போகவில்லை.

நவம்பர் 14, வியாழன்

சென்னையில் மழை என்று செய்தியில் சொன்னார்கள். அவர் பேருந்தில்தான் போயிருப்பார். குடை எடுத்துப் போயிருப்பாரா என்று நான் யோசிப்பதில் இப்போது அர்த்தமில்லை.

மதியம் மாரப்பன் வந்து என் மேசையில் எதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். நான் புத்தகத்தை மூடினேன். "படிங்க படிங்க, நான் ஒண்ணும் பேச மாட்டனுங்க" என்றவர், கை கழுவப் போகும் வரை மாமியாரைப் பற்றிப் பேசினார்.

நவம்பர் 19, செவ்வாய்

ரகோத்தமன் சார் சொல்லித்தான் தெரிந்தது. தங்கபுஷ்பம் சென்னைக்குப் போய், முதல் பக்கத்திலிருந்த 8.8ஐப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 1.6 என்று எழுதி அவர்கள் முன்னால் வைத்தாராம். எங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தையும் சேர்த்து வைத்தாராம். இரண்டு சதவீதம்கூட வரவில்லையே என்று ஒருவர் எழுந்து போய்விட்டாராம். இன்னொருவர் மட்டும் அறுபது நாள் படியாத கதையைக் கேட்டிருக்கிறார். துகளின் அளவை மாற்றி மார்ச்சில் மறுபடி வாருங்கள் என்றிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளவும் இல்லை, துரத்தவும் இல்லை.

"தைரியமான பொம்பள" என்றார் சார்.

பேனாவால் அடித்தது. அந்தக் குண்டு எழுத்து எனக்குத் தெரியும்.

நவம்பர் 25, திங்கள்

புதுச் சாம்பிள் வந்தது. ஒரு கேன். படிவத்தில் 'தொடர்புக்கு' என்ற இடத்தில்: மேலாளர் மட்டும், மெயிலில் மட்டும். 'குறிப்புகள்' என்ற இடத்தில்: பேஸ்லைனை முதலில் எடுக்கவும். அளப்பவர் கயற்கண்ணியாக இருக்கட்டும்.

மாரப்பன் அதைப் படித்துவிட்டு, "உங்க பேர எழுதிக் கேட்டிருக்காங்க பாருங்க" என்று சந்தோஷப்பட்டார். ஆமாம். நான் அளப்பது மட்டும் அவருக்கு வேண்டும்.

நவம்பர் 28, வியாழன்

காலை பத்து மணிக்குள் பேஸ்லைன் முடிந்தது. காற்றை நான்தான் எடுத்தேன். 56.2, மூன்று முறையும். சாருக்கு மெயில் அனுப்பினேன், அவர் அதைத் தங்கபுஷ்பத்துக்கு அனுப்பிவிடுவார். அதோடு என் வேலை முடிந்தது.

எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுத, எந்தெந்தத் தேதிகளில் எண்ணைச் சொன்னேன் என்ற விவரம் கேட்டிருந்தார்கள். போனைத் திறந்து பட்டியல் எடுத்தேன். செப்டம்பர் 3 முதல் நவம்பர் 6 வரை நாற்பத்தொன்பது அழைப்புகள். நாற்பத்தொன்பதும் அவர் கூப்பிட்டவை. ஒருமுறைகூட நான் கூப்பிட்டதில்லை. அந்த உண்மையைக்கூட, அவர் கூப்பிடும் வரை காத்திருந்து, கூப்பிட்ட பிறகுதான் சொல்லியிருக்கிறேன்.

தேதிகளைத் தாளில் எழுதி முடித்தேன். பேலட்டுகள் இருக்கும் இடத்துக்குப் போனேன். காலை பதினொன்றே கால். என்ன சொல்வது என்று யோசித்தால் திரும்பிவிடுவேன் என்று தெரிந்ததால் யோசிக்காமல் அழுத்தினேன்.

நெடுநேரம் மணி போனது. எடுத்தபோது குரலுக்குப் பின்னால் பெரிய இரைச்சல், ஏதோ இயந்திரம் அரைத்துக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றார். பெயர் வந்திருக்கும், பார்க்காமல் எடுத்திருப்பார்.

"கயற்கண்ணி பேசறேன்."

"பேஸ்லைன் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. மெயில்ல வரும். அதுக்காகக் கூப்பிடல."

"பொறவு?"

"அந்தப் பதினாறு நாளு நான் சொல்லாததுக்குக் காரணம், சொன்னா நீங்க கூப்பிட மாட்டீங்கன்னு. வேற ஒண்ணும் இல்ல. அதச் சொல்லத்தான்."

எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. திரும்பச் சொல்லும் துணிவு இல்லை.

"மிஷின் ஓடுது" என்றார். "புதுச் சரக்கு. நடுவுல நிறுத்துனா கட்டி தட்டிரும். இன்னும் நாப்பது நிமிசம் ஓடணும். இப்பப் பேச முடியாது."

"ஓடட்டும்" என்றேன்.

அவர் வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். இரைச்சல் தொடர்ந்தது. நடுவில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம், அவர் யாரையோ, ஒருவேளை அந்த ஆட்டை, அதட்டும் சத்தம். பிறகு மறுபடி இயந்திரம். நான் பேலட் மேல் உட்கார்ந்தேன். போன் காதில் சுட ஆரம்பித்தது, மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவரும் வைக்கவில்லை.